எங்க வாசல் நாமம் விழுந்த போட்டோ

இதை எழுதலாமா வேண்டாமான்னு நினைச்சே பல வருஷம் போய்விட்டது. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ. கோலப் புள்ளியும் மளிகைச் சாமானும் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம் வேற. இதில் பெருமாள் பேர் வருது. நான் ஒண்ணு சொல்லப் போய், அது அவருக்கு எதிராகச் சொன்னதாக ஆகிவிடுமோன்னு பயம். சந்நிதியில் நிற்கிறப்பல்லாம் கேட்டிருக்கிறேன், எழுதட்டுமான்னு. அவர் எப்பவும் போல நின்னுக்கிட்டிருப்பார்.

போன மாசம் ஒரகடம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ரெண்டு பொண்ணுங்க, கம்பெனி யூனிஃபார்மோட. இதெல்லாம் நடந்த வருஷம் ரெண்டு பேரும் பிறந்தே இருக்க மாட்டாங்க.

"எங்க அத்த சொல்லும்டி. போட்டோவுல அந்த ஆளு தலைக்கு மேல நாமம் எரிஞ்சிதாம். நெருப்பாட்டம்."

"அய்ய, சும்மா சொல்லாத."

"சும்மா இல்லடி. போலீஸ்காரங்களே பாத்துட்டு கையெடுத்து கும்பிட்டாங்களாம்."

நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.  வீட்டுக்கு வந்து விளக்கேத்தி வெச்சிட்டு, அன்னைக்கே எழுத உட்கார்ந்தேன். நாமம் எரியவில்லை. அது வெள்ளைப் பெயிண்டில் என் கையால் வரைஞ்ச நாமம்.

தொண்ணூத்தி ஒண்ணுல எங்க வீடு ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருந்தது. எங்க வீட்டுக்காரர் ரோட்டோரக் கம்பெனி ஒண்ணில் லேத் ஓட்டினார். அவருக்குக் குடியில்லை, சீட்டில்லை. கேமராதான் பைத்தியம். மெட்ராஸ் மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடி அங்கே பழசாக வாங்கின கேமரா ஒண்ணு வெச்சிருந்தார். சின்னப் பெட்டி மாதிரி, கறுப்பு. பின்னால் சிவப்பாக ஒரு பொட்டுக் கண்ணாடி, அதில் எத்தனாவது படம்னு நம்பர் தெரியும். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்.

அவர்கூட ரெண்டு பேர். ஒருத்தர் தேரடிப் பக்கம் ஸ்டுடியோ வெச்சிருந்தவர். இன்னொருத்தர் மண்ணூர்க்காரர், கிறிஸ்தவர், கம்பெனி பஸ் ஓட்டுறவர். ரெண்டு பேரும் என்னை அண்ணின்னுதான் கூப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கிளம்பிடுவாங்க. கல்யாணம் காதுகுத்து எடுக்கிறதுக்கில்லை. தெருவில் கண்ணில் படுறதை எடுக்க. புதுசா எழும்பின காம்பவுண்டு சுவர் நிழலில் படுத்திருக்கிற எருமை. சர்வேக்காரன் நட்டுட்டுப் போன கல்லை சாமின்னு நினைச்சு மஞ்சள் பூசிப் பொட்டு வெக்கிற பொம்பளை. அந்தப் படத்தைப் பார்த்து நான் ரொம்ப நாள் சிரிச்சிருக்கிறேன். பிற்பாடு சிரிக்கவில்லை.

அப்பவே கேமராவைக் கண்டால் ஜனங்களுக்கு ஆகாமல் போய்விட்டது. நிலத்துக்கு விலை பேச ஆளுங்க வர ஆரம்பிச்சிருந்த நேரம். பிள்ளைப்பாக்கத்தில் ஒருத்தர் இவங்களை வரப்பிலேயே நிறுத்திட்டாராம்.

"இன்னாபா, எந்த கம்பெனிக்கு இடம் பாக்க வந்துகீறீங்க?"

"இல்ல நைனா, சும்மா படம் எடுக்கறோம்."

"சும்மா எவனாவது வெயில்ல நின்னு படம் எடுப்பானா? யார் அனுப்பனது, அத்த சொல்லு."

வீட்டில் வந்து சொல்லிச் சிரிச்சாங்க. 

தனித்தனியா ரோல் வாங்க அவங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு ரோல், ஒரு கேமரா, மூணு பேர். ஒருத்தர் எடுத்ததும் அடுத்தவர் கைக்குக் கொடுக்கணும். இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்க வீட்டுக்காரர் படம் எடுத்த கையோட பிலிமை அடுத்த நம்பருக்குச் சுத்தி வெச்சிடுவார். மண்ணூர்க்காரர் எடுத்துட்டு அப்படியே விட்டுவிடுவார். அடுத்த தடவை எடுக்கறதுக்கு முன்னாடிதான் சுத்துவார். அப்போதான் பிலிம் தளராமல் இருக்கும்னு அவர் கட்சி. ரெண்டு பழக்கமும் ஒரே கேமராவில் சேர்ந்தால், ஒண்ணு நடுவில் ஒரு படம் வெறுமையாகப் போகும், இல்லைன்னா ஒரே இடத்தில் ரெண்டு படம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். அந்தக் கேமரா தடுக்காது. எத்தனை தரம் அமுக்கினாலும் எடுக்கும்.

அதுக்காக ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. கேமரா கையிலிருந்து கைக்குத்தான் போகணும். கொடுக்கிறவர் "சுத்தியாச்சு"ன்னோ "சுத்தல"ன்னோ வாயால் சொல்லணும். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிறவர் கையையும் வாங்கறவர் கையையும் பார்த்திருப்பீங்க, அந்த மாதிரி அத்தனை கவனமாகக் கொடுத்து வாங்குவாங்க.

எங்க வீட்டுப் பக்கத்து அறையில் ஒரு பையன் குடியிருந்தான். திருநெல்வேலிப் பக்கம். எங்க வீட்டுக்காரர் கம்பெனியிலேயே வேலை. அவன் பேச்சு எங்க சந்துக்கு வேடிக்கை. "வாரேன்க்கா", "அங்கன கெடக்கு"ன்னு அவன் பேசினால் குழாயடிப் பொம்பளைங்க, "இன்னாடா இது, சிலோன் ரேடியோ பாடுது"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அவனும் சிரிப்பான். அந்தக் கிண்டலே பின்னால் அவன் கழுத்துக்கு வரும்னு யாருக்குத் தெரியும்.

அவங்க அம்மா பொண்ணு பார்த்திருந்தாங்க. மாப்பிள்ளை போட்டோ வேணும்னு கேட்டிருந்தாங்க.

"எங்கம்மைக்கு ஸ்டுடியோ படம் வேண்டாமாம்க்கா. நான் எப்படி இருக்கேன்னு வீட்டோட பாக்கணுமாம்."

"அதுக்கென்ன, எங்க வாசல்ல நில்லு. அவர் எடுப்பார்"னேன்.

அது தேர்தல் நேரம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், வெயில் இருக்கும்போதே, ஊரில் ஒரு கட்சிக் கூட்டம். பெரிய கூட்டம் ஒண்ணுமில்லை, வேன் மேல ஏறிப் பேசினாங்க. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ஓ.டி. மண்ணூர்க்காரர் மட்டும் கேமராவோடு போய் ஜனக்கூட்டத்தை ஒரு படம் எடுத்தார். பஸ் எடுக்க நேரமாச்சுன்னு அவசரமாக வந்து, எங்க அலமாரியில் கேமராவை வெச்சிட்டுப் போய்விட்டார். கையிலிருந்து கைக்குப் போகவில்லை. அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் காலையில் அந்தப் பையன் வெள்ளைச் சட்டையோட வந்து வாசலில் நின்னான். எங்க வீட்டுச் சுவர் செம்மண் பூசினது. பின்னால் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒரே இருட்டு. வாசல் நிலையோட மேல்கட்டை எண்ணெய் பிடிச்சுக் கறுத்துப் போனது. அதில் நான் ஏகாதசிக்கு நாமம் வரைஞ்சிருந்தேன். முக்காலி ஆடினதில் வலது பக்கக் கோடு குட்டையாகப் போச்சு. இடது பக்கம் சங்கு நல்லா வந்தது. சக்கரம் வட்டமாக வரவில்லை, துணியால் துடைச்சேன், அது ஒரு ஈஷலாக நின்னுபோச்சு.

"சிரிடா, பொண்ணு பாக்கப் போறா"ன்னார் இவர். அவன் சிரிக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தான். இவர் சிவப்புக் கண்ணாடியில் நம்பரைப் பார்த்தார், சுத்தியாச்சுன்னு நினைச்சு அமுக்கினார், சுத்தினார். ரோல் முடிஞ்சதும் ஸ்டுடியோவில் போய்க் கொடுத்துட்டு வந்தார்.

அதுக்கப்புறம்தான் அந்த ராத்திரி. எங்க ஊர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடிச்சு, ஒரு பெரிய தலைவரும் கூட நின்ன ஜனங்களும் செத்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பத்தி எழுத நான் யார். மறுநாள் காலையில் எங்க சந்தில் ஒரு வீட்டிலும் கோலம் போடலைன்னு மட்டும் சொல்றேன். ஊர்க்காரங்க கண்ணுக்கு, குடிவந்து பத்து நாள் ஆனவங்களும் பத்து வருஷம் ஆனவங்களும் ஒண்ணாகத்தான் தெரிஞ்சாங்க. எல்லாரும் வெளியூர்க்காரங்க.

அங்கே கிடைச்ச கேமராவால்தான் துப்பு கிடைச்சதுன்னு பேப்பரில் வந்தது. முன்னாடி நடந்த கூட்டங்களிலும் குண்டு வெச்ச சிலோன் ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போனாங்களான்னு தேடறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் கூட்டத்துப் படம் எது இருந்தாலும் கொடுக்கணும்னு போலீஸிலிருந்து சொல்லிவிட்டாங்க. எங்க ஸ்டுடியோக்காரர் பயத்தில் கழுவாமல் கிடந்த ரோலையெல்லாம் கழுவினார். எங்க ரோலையும் கழுவினார்.

ஒரு மத்தியானம் அவர் எங்க வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழட்டாமல் வாசலிலேயே நின்னார். சட்டைக்குள்ளேருந்து ஒரு பிரிண்டை எடுத்தார்.

"அண்ணி, இத்த கொஞ்சம் பாருங்க."

கூட்டம். எல்லா ஜனமும் வேனைப் பார்த்துக்கிட்டிருக்கு. அவங்க நடுவில், வெள்ளைச் சட்டையில், பக்கத்து அறைப் பையன். அவன் மட்டும் நம்மளைப் பார்க்கிறான். சிரிப்பே இல்லை. அவன் தலைக்கு மேலே, ஜனங்களோட தலைகளுக்கு நடுவில், அந்தரத்தில் தொங்குற மாதிரி நாமம். கட்டை தெரியவில்லை, வெள்ளைக் கோடு ரெண்டும் பக்கத்தில் சங்கும் ஒரு ஈஷலும் மட்டும் தெரியுது.

 என் கையால் வரைஞ்சதுதான்னு தெரிஞ்சும் ஒரு நிமிஷம் நானே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்.

"ரெட்ட படம் அண்ணி இது. எனக்குத் தெரியுது. படத்த குடுத்தப்ப போலீஸ்கிட்டயும் சொன்னேன். 'யாரைக் காப்பாத்தற?'ன்னு ஒரே கேள்வி. அதுக்கு மேல நா வாயத் தெறக்கல, யார் ரோலுன்னும் சொல்லல."

"இது எத்தினி பேர் பாத்தாங்க?"

அவர் தலையைக் குனிஞ்சார். காயவெச்சிருந்தப்போ பூக்கட்டுறவங்க ரெண்டு பேர் கடைக்குள்ளே வந்திருக்காங்க. அவ்வளவுதான். நான் விளக்கேத்துற நேரத்துக்குள்ளே தெரு பூராவும் ஒரே பேச்சு. பெருமாள் நாமம் போட்டுக் காட்டிட்டார், பாவம் பண்ணினவன் தலைக்கு மேல அவரே வந்து நின்னுட்டார். மறுநாள் யாரோ ஸ்டுடியோ வாசலில் கற்பூரம் ஏத்தி வெச்சிட்டுப் போயிருந்தாங்க. அதே காலையில் ஜீப் வந்து பையனைக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அந்த வேன் கூட்டம் நடந்த அன்னைக்கு அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சு அறையில் தூங்கினான். தூங்கினவனுக்கு யார் சாட்சி?

ஜீப்பில் ஏறும்போது, "அக்கா, நான் அங்கன போகவே இல்லக்கா"ன்னான். அந்த 'அங்கன' சந்து பூராவும் கேட்டுச்சு. எதிர்வீட்டம்மா கதவைச் சாத்திக்கிட்டாங்க.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஒரு கறுப்புப் பெயிண்ட் டப்பாவோட வந்தார். முக்காலியை எடுத்துப் போட்டார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"மேல ரெண்டு இழுப்பு இழுத்துடறேன். அந்த நாமம் எந்த வூட்டுதுன்னு எவனாவது கண்டுபுடிச்சான்னா நம்மளையும் அள்ளிக்கினு போவான். ரெண்டு புள்ளைங்க கீது நமக்கு."

அவர் கெட்டவர் இல்லை.  ஆனால் எனக்கு ஒண்ணு மட்டும் தெளிவாகத் தெரிஞ்சது. அந்தக் குட்டைக் கோடும், துடைச்ச சக்கரமும் இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பையனுக்கு வழி. அதை அழிச்சால் அவன் நிஜமாவே கூட்டத்தில் நின்னவன் ஆகிவிடுவான். அப்புறம் யார் சொன்னாலும் எடுபடாது.

நான் முக்காலி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டேன்.

"எறங்குடி."

"பெருமாள் மேல பெயிண்ட் அடிக்க வுடமாட்டேன்."

"அது பெருமாள் இல்ல, நீ கோணலா இழுத்த கோடு. நீதான சொன்ன?"

"ரெண்டும்தான். நாளைக்கு என்னை ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போங்க."

 அவர் டப்பாவை மூடினார்.

காலையில் கோயிலுக்குப் போனேன். "ஊரே நீ வந்தேன்னு சொல்லுது. நான் போய், நீ வரலைன்னு சொல்லப் போறேன். கோவிச்சுக்காதே"ன்னு சொல்லிட்டு, அங்கிருந்து இவரோடு நேராக ஸ்டேஷன். வெளியே பெஞ்சில் உட்கார வெச்சிருந்தாங்க. எங்களை விசாரிக்க வந்த அதிகாரி தூங்கிப் பல நாள் ஆன மாதிரி இருந்தார். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுட்டு எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "கூட்டத்தை யாருய்யா எடுத்தது? நீயா?"ன்னார்.

 பேரைச் சொன்னால் சிநேகிதனை இழுத்து உள்ளே விடுற மாதிரி. சொல்லாவிட்டால் அந்தப் பையன். இவர் கேமராவை மடியில் வெச்சுக்கிட்டு அதையே தடவிக்கிட்டிருந்தார். எனக்குப் பேரை நானே சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அந்நேரம் வெளியே ஹாரன். கம்பெனி பஸ், ஷிஃப்டுக்குப் போற ஆளுங்களோட, ஸ்டேஷன் வாசலில் நிக்குது. மண்ணூர்க்காரர் இறங்கி வந்தார். நாங்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறதை ரோட்டிலிருந்தே பார்த்திருக்கார். காக்கிச் சட்டை, கழுத்தில் சிலுவை. உள்ளே வந்து அவரே சொன்னார்.

"கூட்டத்த எடுத்தது நான் சார். எடுத்துட்டு சுத்தல. நான் எப்பவும் சுத்த மாட்டேன்."

"இன்னா சுத்தல?"

கேமராவை வாங்கி, சுத்தாமலே கிளிக், கிளிக்ன்னு ரெண்டு தரம் அமுக்கிக் காட்டினார். பஸ்ஸிலிருந்து ஒருத்தன் கத்தறான், "அண்ணே, லேட்டு மார்க் போட்டுடுவான்ணே." மண்ணூர்க்காரர் திரும்பாமலே, "அஞ்சு நிமிஷம்டா"ன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பஸ்ஸில் இருந்தவங்கள்ள பாதிப் பேர் இறங்கி நடந்தே போய்விட்டாங்க. அதுக்கப்புறம் கம்பெனியில் அவரை அந்த பஸ்ஸிலிருந்து எடுத்துட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட அதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதிகாரி எங்க வீட்டு வாசலுக்கு வந்தார். சந்தே கூடி நின்னுது. பிரிண்டைக் கையில் பிடிச்சுக்கிட்டு நிலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி நிலையைப் பார்த்தார். குட்டைக் கோடு. சங்கு. ஈஷல்.

"ஏம்மா, சக்கரத்தை ஏன் அழிச்சே?"

"வட்டம் வரல சார்."

சிரிக்க வந்த மாதிரி இருந்தது அவருக்கு. சிரிக்கவில்லை. எங்க வீட்டுக்காரரை வாசலில் நிக்கச் சொல்லி, எதிரே தள்ளி நின்னு கொஞ்ச நேரம் பார்த்தார். கும்பிடவெல்லாம் இல்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். படத்தையும் நெகட்டிவையும் அவங்களே வெச்சுக்கிட்டாங்க.

சில நாள் கழிச்சுப் பையனை விட்டாங்க.  தட்டில் சோறு போட்டேன். பிசைஞ்சுக்கிட்டே இருந்தான்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

"வேணாக்கா. இன்னாத்துக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இன்னா'ன்னு அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. அந்தச் சில நாளில் அவன் தன் பேச்சைக் கழட்டி அங்கேயே வெச்சிட்டு வந்திருந்தான்.

குழாயடியில் அவன் குடத்தை யாரும் வரிசையில் விடவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், அது என் வாசல் நாமம்டி, வந்து பாருங்கடின்னு. எதிர்வீட்டம்மா தண்ணி பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "போலீஸ் வுட்டா இன்னா, பெருமாள் வுடுவாரா? உன் வாசல்ல இருந்த நாமம் ஏன் அவன் தலைக்கு மேல போயி வுழணும்? அத்த சொல்லு மொதல்ல."  சுத்தாததால் விழுந்ததுன்னு சொன்னால், சுத்த விடாமல் பண்ணினது யாருன்னு கேட்டாங்க.

கொஞ்ச நாள் லீவில் போன்னு சூப்பர்வைசர் அவனுக்குச் சொல்லிட்டார். அது திரும்பி வராதேன்னு சொன்ன மாதிரிதான். ஒரு தகரப் பெட்டியோட கிளம்பினான். எங்க வீட்டுக்காரர் கேமராவை எடுத்துக்கிட்டு வந்து, "அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துடலாம்டா, வேற எடத்துல நில்லு"ன்னார். அவன் ரெண்டு கையையும் முகத்துக்கு முன்னாடி தூக்கிட்டான். அப்புறம் அவனுக்கே என்னவோ போல ஆகி, கையை இறக்கிக் கும்பிட்டான்.

"வேண்டாம்ண்ணே. எங்கம்மைக்கு நானே போய் நிக்கேன், பாத்துக்கிடட்டும்."

ஊர்ப் பேச்சு திரும்பி வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவர் கூடப் போனார். அந்தக் கல்யாணம் நடந்ததா, அவன் இப்போ எங்கே இருக்கான், எதுவும் தெரியாது.

அந்த மூணு பேர் ஒண்ணாகப் படம் எடுக்கப் போனது அதோடு நின்னுபோச்சு. ரோட்டை அகலப்படுத்தினப்போ எங்க வீட்டு முன்பக்கம் போய்விட்டது. நிலையும் போச்சு. கோணல் நாமத்தைக் காட்டுறதுக்கு இப்போ என்கிட்ட கட்டைகூட இல்லை. கேமரா இருக்கு. அது ஒண்ணும் சொல்லாது.

ஆனால் கதை மட்டும் போய்க்கிட்டே இருக்கு. முதலில் நாமம் தெரிஞ்சதுன்னாங்க. அப்புறம் அசைஞ்சதுன்னாங்க. இப்போ எரிஞ்சதுன்னு பஸ்ஸில் சொல்றாங்க. அந்தப் பையன் முகத்தின் மேல ஒவ்வொருத்தரும் ஒரு படத்தை அமுக்கிக்கிட்டே போறாங்க, யாரும் சுத்தறதில்லை. பெருமாளை நான் நம்பறேன். சாகற வரைக்கும் நம்புவேன். ஒரு ஏழைப் பையனைக் காட்டிக் கொடுக்க அவர் என் வாசல் கட்டையைத் தூக்கிக்கிட்டு வரமாட்டார்னும் நம்பறேன்.

இதைப் படிக்கிறவங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். திருநெல்வேலிப் பக்கம் உங்களுக்கு யாராவது இருந்தால், ஒரகடம் பஸ்ஸில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், நான் சொன்னதைச் சொல்லுங்க. அழகாகச் சொல்ல வேண்டாம். கூட ஒண்ணும் போட வேண்டாம், எதையும் விடவும் வேண்டாம். கோடு குட்டையாக இருந்ததையும் சக்கரம் அழிஞ்சிருந்ததையும் சேர்த்தே சொல்லுங்க. அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. எங்க வாசலில் நின்னான், அவங்க அம்மா பார்க்கறதுக்காக.